112 அடி நீள விண்ணப்பம்: வேலை தேடும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வரலாறு



பட்டம் வாங்கிய கையோடு நம் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, "அடுத்து என்ன?" என்பதுதான். கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம், பெரும்பாக்கம் பகுதிகளில் இந்தக் கேள்வியோடு அலைகிற இளைஞர்கள் ஏராளம். கோவிலம்பாக்கம் சந்திப்பில் மேடவாக்கம் மெயின் ரோட்டைப் பல்லாவரம்–துரைப்பாக்கம் இருநூறு அடிச் சாலை வெட்டிச் செல்கிறது. கிழக்கே போனால் ஓஎம்ஆர் ஐடி நிறுவனங்கள். மேற்கே போனால் பல்லாவரம், அங்கிருந்து தாம்பரம் சானடோரியம் மெப்ஸ். தலைக்கு மேலே மெட்ரோ தூண்கள் வேறு எழும்பிக்கொண்டிருக்கின்றன. வேலை கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. கைக்குத்தான் எட்டவில்லை.

நான்கு பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்து, ஒரே இஸ்திரி போட்ட சட்டையை மாற்றி மாற்றி அணிந்து வாக்-இன் போய்வருகிற பிள்ளைகளுக்குக் கிடைக்கிற பதில்கள் நமக்கு மனப்பாடம். "கம்யூனிகேஷன் போதாது." "எங்கள் சூழலுக்குப் பொருந்த மாட்டீர்கள்." "பிறகு மெயில் அனுப்புகிறோம்." அந்த மெயில் வருவதே இல்லை. பத்து இடங்களில் இப்படி நடந்த பிறகு, குறை தன்னிடம்தான் இருக்கிறது என்று அந்தப் பிள்ளை நம்பத் தொடங்குகிறான். ஊரில் அப்பாவிடம் பேசக் கூச்சப்படுகிறாள்.

குறை உன்னிடம் மட்டும் இல்லை என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, வரலாறு அப்படித்தான் இருக்கிறது. வேலை தேடுவது நம் மக்களுக்கு ஒருபோதும் தனிமனித விவகாரமாக இருந்ததில்லை. 130 ஆண்டுகளாக அது ஓர் அரசியல் போராட்டம். அதன் முக்கியமான சில பக்கங்கள் இதே செங்கல்பட்டு மண்ணில் எழுதப்பட்டவை.

பதினைந்து மாதங்கள்: நிலம், பள்ளி, வேலை

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோவிலம்பாக்கம் சென்னை நகரத்தோடு சேர்ந்ததல்ல. செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை வட்டத்தில் ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த கிராமம். அந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த ட்ரெமென்கீர், 1891இல் பறையர் மக்களின் நிலைமை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். மிராசுதார்கள் நிலத்தைத் தங்கள் பிடியில் வைத்திருப்பதையும், உழுகிறவனுக்குக் குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லை என்பதையும், கடனுக்கு ஆளே அடமானம் போவதையும் அது பதிவு செய்தது. அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்தின் தொடக்கம்.

அடுத்து 1893 பிப்ரவரியில் கல்வித் துறையின் 68ஆம் எண் அரசாணை வந்தது. பஞ்சமர் பிள்ளைகளுக்கான பள்ளிகள், மானியம், உதவித்தொகை பற்றிய ஆணை அது. பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் என்றே பின்னாளில் அதைச் சொன்னார்கள். 1894இல் அடையாறில் கர்னல் ஆல்காட் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார்.

மூன்றாவது நிகழ்வு நடந்தது 1893 டிசம்பரில். இதைத்தான் நம் இளைஞர்கள் பலர் அறிந்திருக்கவில்லை. அந்த ஆண்டு ஜூன் 2ஆம் தேதி பிரிட்டிஷ் காமன்ஸ் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. லண்டனில் மட்டும் நடந்துகொண்டிருந்த ஐசிஎஸ் தேர்வை இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்பது தீர்மானம். காங்கிரஸ் இதைக் கொண்டாடியது. கப்பல் ஏறாமல் கலெக்டர் ஆகலாம் என்பது யாருக்குத்தான் கசக்கும்?

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் எதிர்த்தார். அந்த அக்டோபரில்தான் 'பறையன்' இதழைத் தொடங்கியிருந்தார். டிசம்பரில் சென்னை வெஸ்லி மிஷன் மண்டபத்தில் கூட்டம் கூட்டி, இந்தியாவில் ஐசிஎஸ் தேர்வு நடத்தக் கூடாது என்று தீர்மானம் போட்டார். 3,412 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பம் தயாரானது. அதன் நீளம் 112 அடி. ஜெனரல் செஸ்னி மூலம் அது பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குப் போனது.

நிலத்துக்கான ஆணை, பள்ளிக்கான ஆணை, வேலைக்கான விண்ணப்பம் என மூன்றும் பதினைந்து மாதங்களுக்குள் நடந்தன. முதல் இரண்டையும் அரசு கொடுத்தது. மூன்றாவதை நாமே கேட்டோம்.

தேர்வை ஏன் எதிர்த்தார்?

இந்த விண்ணப்பத்தைத் துரோகம் என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். சுதேசிகளுக்கு வேலை கிடைப்பதைத் தடுத்து வெள்ளைக்காரனுக்கு வால் பிடித்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் வாதத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

தேர்வு பொதுவானது. ஆனால் அந்தத் தேர்வுக்கு ஒருவரைத் தயார் செய்கிற பள்ளி பொதுவானதல்ல. சேரிக்குப் பள்ளிக்கான ஆணை வந்தே பத்து மாதம்தான் ஆகியிருந்தது. அந்த நிலையில் தேர்வைச் சென்னையில் நடத்தினால் யார் எழுதுவார்கள், யார் தேறுவார்கள்? ஏற்கெனவே ஊரில் கிணற்றைத் தடுக்கிறவன், இனிமேல் கலெக்டராகவும் ஜட்ஜாகவும் வந்து உட்காருவான். அவனிடம்தான் நம் மக்கள் மனு கொடுக்க வேண்டும். இதுதான் சீனிவாசனின் அச்சம்.

அச்சம் வீணானதா? கணக்கைப் பார்ப்போம். 1892க்கும் 1904க்கும் இடையில் சென்னை மாகாணத்திலிருந்து ஐசிஎஸ் தேர்வில் வென்றவர்கள் 16 பேர். அவர்களில் 15 பேர் பிராமணர்கள். 1912இல் மாகாணத்தின் 128 மாவட்ட முன்சீப்புகளில் 93 பேர் பிராமணர்கள். 18 சப்-ஜட்ஜுகளில் 15 பேர். 140 டெப்டி கலெக்டர்களில் 77 பேர். மக்கள்தொகையில் அவர்கள் ஏறத்தாழ 3 சதவீதம்.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் பேச வேண்டும். சீனிவாசனின் விண்ணப்பம் அடுத்தவருக்குக் கதவைத் திறக்காதே என்று கேட்டது. நமக்குத் திற என்று அது கேட்கவில்லை. தடுப்பு அரசியல் நெடுநாள் நிற்காது. 1922இல் ஐசிஎஸ் தேர்வு இந்தியாவுக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த விண்ணப்பம் முன்வைத்த கேள்வி இன்றும் அப்படியே நிற்கிறது: தகுதியை அளக்கிறோம் என்கிறீர்களே, அந்த அளவுகோல் யாருடைய வீட்டில் செய்தது?

அந்தக் கேள்வியைச் சரியான கோரிக்கையாக ஏற்கெனவே மாற்றியிருந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். 1891 டிசம்பரில் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் சார்பில் அவர் கூட்டிய மாநாட்டின் பத்துக் கோரிக்கைகளில் பொதுக் கிணறு இருந்தது, பள்ளி இருந்தது, படித்துத் தேறியவர்களுக்கு அரசு அலுவலகங்களில் வேலை என்பதும் இருந்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில் மெட்ரிகுலேஷன் படித்தவர்கள் இருந்த காலம் அது. படிப்பையும் வேலையையும் சேர்த்தே கேட்டார்கள் நம் முன்னோர்.

பன்னிரண்டில் ஒன்று

1916இல் பிராமணரல்லாதார் அறிக்கை வந்தது. நீதிக் கட்சி ஆட்சிக்கு வந்து 1921இல் முதல் வகுப்புவாரி ஆணையைப் பிறப்பித்தது. ஆனால் அது காகிதத்திலேயே பெரிதும் தங்கியது. சுப்பராயன் அமைச்சரவையில் அமைச்சராக இருந்த முத்தையா முதலியார் கொண்டுவந்த ஆணைதான் அதற்கு உயிர் கொடுத்தது. ஒவ்வொரு 12 பணியிடங்களுக்கும் ஒரு சுழற்சி: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1.

நமக்குக் கிடைத்தது பன்னிரண்டில் ஒன்று.

அந்த ஒன்றும் சும்மா வரவில்லை. பரங்கிமலையில் 1883இல் பிறந்த எம்.சி. ராஜா இதற்காகச் சட்டமன்றத்தில் ஓயாமல் பேசினார். இன்றைக்கும் கோவிலம்பாக்கம் பரங்கிமலை ஊராட்சி ஒன்றியத்தில்தான் இருக்கிறது. அவர் நம் பக்கத்து ஊர்க்காரர். பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவர், நீதிக் கட்சி ஆட்சி தம் மக்களைக் கைவிட்டதாகக் குற்றஞ்சாட்டி 1923இல் அதிலிருந்து விலகினார். பிராமணரல்லாதார் என்ற பெரிய குடைக்குள் போய் நின்றால் நம் மேல் மழை படாமல் இருக்காது என்பதை அவர் அன்றே அனுபவத்தில் கண்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாதியால் அல்லாமல் விதிகளால் ஆள் எடுக்க வேண்டும் என்பதற்காக 1929இல் சென்னை மாகாணத்துக்கென ஒரு சர்வீஸ் கமிஷன் சட்டம் வந்தது. மாகாண அளவில் இப்படி ஓர் அமைப்பு வந்தது இங்கேதான் முதலில். இன்றைய டிஎன்பிஎஸ்சியின் வேர் அது. அதற்கு முன்பு வேலை என்பது மாமா எழுதிக் கொடுக்கும் சிபாரிசுக் கடிதம். மாமா இல்லாதவனுக்கு ஒரு விண்ணப்பப் படிவமும் ஒரு வரிசை எண்ணும் எவ்வளவு பெரிய விடுதலை என்பதை யோசித்துப் பாருங்கள்.

அம்பேத்கரும் எம்ப்ளாய்மென்ட் கார்டும்

1942இல் அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். 1946 வரை நான்கு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். 1943 ஆகஸ்டில் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 சதவீத ஒதுக்கீடு வந்தது. 8.33 என்பதும் பன்னிரண்டில் ஒன்றுதான். மக்கள்தொகை விகிதம் அதைவிட அதிகம். தகுதியானவர்கள் போதிய எண்ணிக்கையில் கிடைக்க மாட்டார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. 1946இல் அது 12.5 சதவீதமானது. அந்தத் 'தகுதியானவர்களை' உருவாக்க 1944இல் போஸ்ட்-மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. இன்று நீங்கள் கல்லூரியில் வாங்குகிற ஸ்காலர்ஷிப் அதன் தொடர்ச்சி.

அவர் தொழிலாளர் துறையில் இருந்தபோதுதான், 1945இல், அந்தத் துறையின் கீழ் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் உருவாயின. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காகத் தொடங்கியவை, சில ஆண்டுகளில் எல்லோருக்கும் திறக்கப்பட்டன. நம் அப்பா அம்மா தலைமுறைக்கு எம்ப்ளாய்மென்ட் கார்டு என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். பத்தாவது முடித்ததும் பதிவு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு, சீனியாரிட்டி. கார்டு வந்து வேலை கிடைத்தவர்களை விட வராமல் காத்திருந்தவர்களே அதிகம். ஆனாலும் அந்த வரிசையில் முன்னால் நிற்பவன் யார் என்பதைச் சாதி தீர்மானிக்கவில்லை, பதிவு செய்த தேதி தீர்மானித்தது.

இந்த அலுவலகங்களுக்கு வலுச் சேர்க்க 1959இல் ஒரு சட்டம் வந்தது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்றது அது. நல்ல சட்டம் போலத் தெரிகிறதல்லவா? அடுத்த வரியிலேயே, அப்படி அறிவித்த காரணத்துக்காக அங்கிருந்து ஆள் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் எழுதி வைத்தார்கள். அறிவிப்பது கடமை, எடுப்பது அவர்கள் விருப்பம். தனியார் துறையின் கதவு அந்த ஒரு வரியில் சாத்தப்பட்டது.

நீதிமன்றம் விட்டுவைத்தது

1947இல் வகுப்புவாரி ஆணை திருத்தப்பட்டு, 14 இடங்களில் நமக்கு 2 ஆனது. 1951 ஏப்ரல் 9இல் உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்குகளில் தீர்ப்புச் சொன்னது. செண்பகம் துரைராஜன் வழக்கு எல்லோருக்கும் தெரியும். கல்லூரி இடங்கள் பற்றியது. அதே நாளில் வந்த வெங்கட்ரமணா வழக்கு வேலை பற்றியது. 83 மாவட்ட முன்சீப் பணியிடங்களை வகுப்புவாரியாகப் பிரித்தது செல்லாது என்றது நீதிமன்றம். ஆனால் அரிசனங்களுக்கும் பின்தங்கிய இந்துக்களுக்கும் ஒதுக்கிய இடங்களை 16(4) பிரிவின்படி விட்டுவைத்தது. முதல் நாளிலிருந்தே அரசியலமைப்பில் அந்தப் பிரிவு இருந்ததால் நம் இடங்கள் பிழைத்தன. சட்டப் புத்தகத்தில் ஓர் உட்பிரிவு என்ன செய்துவிடும் என்று கேட்கிறவர்களுக்கு இதுவே பதில்.

தமிழ்நாட்டில் 1971இல் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான ஒதுக்கீடு 18 சதவீதமானது. பிறகு பழங்குடியினருக்குத் தனியாக 1 சதவீதம் வந்தது. 2009இல் 18க்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நம்மிலும் பின்னால் நிற்கிறவனுக்கு வழி விடுவது நம் கடமை என்பதில் நமக்குச் சந்தேகம் வேண்டாம்.

இந்த வேலைகள் சம்பளம் மட்டும் தரவில்லை. ஊரில் கைகட்டி நின்றவனின் மகள் ஆசிரியையாக வந்தாள். ரயில்வேயிலும் டெலிபோன்ஸிலும் வேலை பார்த்தவர்கள் தாம்பரம், பல்லாவரம் பக்கம் மனை வாங்கினார்கள். அந்தச் சம்பளத்தில்தான் இரவுப் பள்ளியும் படிப்பகமும் அம்பேத்கர் சிலையும் வந்தன. 1978இல் கன்ஷிராம் பாம்செஃப்பைத் தொடங்கியபோது அரசு ஊழியர்களை நம்பியே தொடங்கினார். மாதச் சம்பளம் வாங்குகிறவனால்தான் மிராசுதாருக்குப் பயப்படாமல் பேச முடியும்.

நிலம் அந்தத் தைரியத்தைக் கொடுத்திருக்க வேண்டும். பஞ்சமி நிலம் கையை விட்டுப் போனதால் கொடுக்கவில்லை. இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டு எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10இல் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு தோழர்கள் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். நிலம் இல்லாதவனுக்கு வேலைதான் நிலம். வேலையைப் பற்றி நாம் ஏன் இவ்வளவு பதறுகிறோம் என்று கேட்கும் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கதவு இடம் மாறியது

1984–85இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. 1991இல் தாராளமயம் வந்தது. 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். பத்தாண்டுகளில் பழைய மகாபலிபுரம் சாலை ஐடி நெடுஞ்சாலையானது. அரசுப் பணியிடங்கள் சுருங்கி, ஒப்பந்தமாகி, அவுட்சோர்சிங் ஆன அதே காலத்தில்தான் நம் வீடுகளில் முதல் பட்டதாரிகள் கூட்டமாக வெளியே வந்தார்கள். நாம் சாவி செய்து முடித்தபோது அவர்கள் கதவை வேறு சுவருக்கு மாற்றிவிட்டார்கள்.

2024இல் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அறிவிப்பு 6,244 இடங்களுக்கு வந்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். மிச்சமுள்ளவர்கள் எங்கே போவார்கள்? இருநூறு அடிச் சாலையில் கிழக்கே.

அங்கே ஒரே கட்டடத்துக்கு இரண்டு வாசல்கள். ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கேன்டீன் வேலைகளுக்கு ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் வருகிறார்கள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து பிடுங்கிக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் நட்ட நம் மக்களுக்கு அந்த வாசல் திறந்தே இருக்கிறது. துப்புரவு வேலையில் நமக்கு யாரும் கேட்காமலே நூறு சதவீத ஒதுக்கீடு உண்டல்லவா, அதுபோல. அந்தத் துப்புரவு வேலையையும் தனியாருக்குக் கொடுக்காதே என்று 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் அமர்ந்த தொழிலாளர்களை நள்ளிரவில் அப்புறப்படுத்தியதை நாம் பார்த்தோம்.

இன்னொரு வாசல் பட்டதாரிகளுக்கானது. அதில் நுழைவதற்கான வடிகட்டிகள் எவை? பத்து, பன்னிரண்டு, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம், நிலுவை அரியர் இருக்கக் கூடாது என்பது பல நிறுவனங்களின் பழகிய விதி. தமிழ்வழியில் படித்து, கல்லூரி முதலாண்டில் ஆங்கிலப் பாடப்புத்தகத்தோடு மல்லுக்கட்டி, இரண்டு அரியர் வைத்துக் கடைசி ஆண்டில் முன்னுக்கு வந்த பிள்ளையை இந்த விதி பத்தாம் வகுப்பிலேயே வெளியேற்றிவிடுகிறது. பெரிய நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்குச் சில கல்லூரிகளுக்கு மட்டுமே போகின்றன. எஞ்சியது ரெஃபரல். உள்ளே வேலை செய்கிறவர் தனக்குத் தெரிந்தவரைச் சொல்லுவார். அமெரிக்கச் சமூகவியலாளர் கிரனோவெட்டர் 1970களிலேயே ஆராய்ந்து, தான் சந்தித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தெரிந்தவர் மூலமே வேலை பெற்றார்கள் என்று காட்டினார். 1929க்கு முந்தைய மாமாவின் சிபாரிசுக் கடிதம் இப்போது ரெஃபரல் போனஸோடு திரும்பி வந்திருக்கிறது. நமக்கு அந்த மாமா அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

"உங்களுக்கு எந்த ஊர்?"

சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் செய்த ஆய்வை ஒவ்வொரு மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2005 அக்டோபரில் தொடங்கி 66 வாரங்கள், நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் ஒன்றே. பெயர் மட்டும் வேறு. ஒரு பெயர் ஆதிக்க சாதி, ஒன்று தலித், ஒன்று முஸ்லிம். நேர்காணலுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஆதிக்க சாதிப் பெயருக்கு 1 என்றால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. ஆளைப் பார்க்கவில்லை, ஆங்கிலத்தைக் கேட்கவில்லை. பெயரைப் படித்ததோடு முடிந்துவிட்டது.

தமிழ்நாட்டில் பெயரோடு சாதி இல்லையே என்பீர்கள். உண்மை. 1929 பிப்ரவரியில் இதே செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்னது. அது பெரிய சாதனை. ஆனால் பெயரில் கிடைக்காததை முகவரியில் தேடுகிறார்கள். "எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? அப்பா என்ன செய்கிறார்?" சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களைப் பேட்டி கண்டு 2007இல் எழுதிய ஆய்வு இதைத்தான் சொல்கிறது. தகுதி மட்டுமே பார்க்கிறோம் என்று சொன்ன அதே மேலாளர்கள், குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றும் சொன்னார்கள். நல்ல குடும்பத்திலிருந்து நல்ல ஊழியர் வருவாராம்.

இரட்டைமலை சீனிவாசன் தன் வாழ்க்கைக் குறிப்பில் கோயம்புத்தூரில் படித்த காலத்தைச் சொல்கிறார். நானூறு மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். தன் ஊரும் இருப்பிடமும் சாதியும் தெரிந்துவிடுமோ என்று பயந்து, மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது படித்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு வகுப்புக்குள் போவாராம். ஊரை மறைத்த அந்த மாணவருக்கும், ரெஸ்யூமில் கண்ணகி நகர் என்று எழுதாமல் துரைப்பாக்கம் என்று எழுதுகிற இன்றைய பிள்ளைக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு இடைவெளி. 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் கேட்கிறவனின் மனத்தில் உள்ள பதிவேட்டை எந்த அரசாணையும் திருத்தாது. அதற்குச் சட்டமும் கண்காணிப்பும் வேண்டும்.

முதலில் எண்ணச் சொல்வோம்

தனியார் துறையில் இட ஒதுக்கீடு என்பது நம் நெடுநாள் கோரிக்கை. 2004இல் மத்தியில் அமைந்த கூட்டணி அரசின் குறைந்தபட்சச் செயல்திட்டத்தில் அதைப் பற்றிய பேச்சு இருந்தது. 2006இல் தொழிலதிபர்களின் சங்கங்கள் ஜே.ஜே. இரானி தலைமையில் குழு போட்டு, சட்டம் வேண்டாம், நாங்களே விருப்பப்பட்டுச் செய்கிறோம் என்றன. விருப்பப்பட்டு எவ்வளவு செய்தார்கள் என்று கேட்டால் முழுக் கணக்கு யாரிடமும் இல்லை. கணக்கு இல்லாமல் இருப்பதுதான் அவர்களுக்கு வசதி.

அமெரிக்காவில் 1964 குடியுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து, 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் ஊழியர்களை இனவாரியாகக் கணக்கெடுத்து ஆண்டுதோறும் அரசிடம் கொடுக்க வேண்டும். வட அயர்லாந்தில் 1989 சட்டத்தின்படி, பத்துப் பேருக்கு மேல் உள்ள நிறுவனம்கூட எத்தனை கத்தோலிக்கர், எத்தனை புராட்டஸ்டன்ட் என்று சொல்ல வேண்டும். முதலாளித்துவம் அங்கே இடிந்து விழவில்லை. இங்கே மட்டும் சாதியைக் கேட்டால் சாதி வளர்ந்துவிடுமாம். "எந்த ஊர்?" என்று நேர்காணலில் கேட்கும்போது வளராத சாதி, கணக்கெடுக்கும்போது மட்டும் எப்படி வளரும்?

எனவே ஒதுக்கீட்டுக் கோரிக்கையோடு சேர்த்து, இன்றே கேட்கக்கூடிய கோரிக்கை இது: அரசு நிலமும் வரிச்சலுகையும் பெறுகிற ஒவ்வொரு நிறுவனமும் தன் ஊழியர்களின் சமூக விவரத்தை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நேர்காணலில் ஊரையும் குடும்பத்தையும் கேட்பதைத் தடை செய்ய வேண்டும். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் தீண்டாமையின் பேரில் வேலை மறுப்பதைக் குற்றம் என்கிறது. அதை நிரூபிக்க எண்கள் வேண்டும். 1893இல் 112 அடிக்குக் கையெழுத்து வாங்க முடிந்தது. கைப்பேசி உள்ள காலத்தில் நம்மால் முடியாதா?

இனி நாம்

வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள்.

அரசுத் தேர்வுகளை விட்டுவிடாதீர்கள். குரூப் 4க்கு நேர்காணல் கிடையாது. மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளிலும் 2016 முதல் நேர்காணல் இல்லை. நம்மை வடிகட்ட ஆள் இல்லாத இடங்கள் இவை. ஆனால் அதையே நம்பி வயதைக் கரைக்கவும் வேண்டாம். எத்தனை முறை எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு, கூடவே ஒரு வேலையில் இருங்கள்.

துறைகளில் நிரப்பாமல் கிடக்கும் பின்னடைவுப் பணியிடங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ரோஸ்டர் பதிவேட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு துறையையே பதில் சொல்ல வைக்கலாம்.

வேலைக்கு முன்பணம் கேட்கிற எந்தக் கன்சல்டன்சிக்கும் ஒரு பைசா கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். அம்மாவின் தாலி அடகுக் கடைக்குப் போன பிறகு அழுது பயனில்லை.

உள்ளே போய்விட்ட அண்ணன்கள் அக்காக்களுக்கும் சொல்வது உண்டு. ஆதிதிராவிடர் நல விடுதியில் உங்களோடு படித்தவர்களின் பட்டியலை எடுங்கள். உங்கள் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் செய்தி முதலில் அவர்களுக்குப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் படிப்பகத்தில் உட்கார்ந்து நான்கு பேரின் ரெஸ்யூமைத் திருத்துங்கள், மாதிரி நேர்காணல் நடத்துங்கள். மாமா இல்லாத சமூகத்துக்கு மாமாவாக இருப்பதும் இயக்க வேலைதான். உங்களுக்கு அந்த நாற்காலி கிடைக்க 3,412 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

மெயில் வராத அந்தப் பிள்ளைக்குக் கடைசியாக ஒன்று. ஆங்கிலம் கற்றுக்கொள், கணினி கற்றுக்கொள், இன்னும் பத்து இடத்துக்கு விண்ணப்பி. ஆனால் கூட்டத்துக்கும் வா. நீ தனியாக விண்ணப்பித்தால் அது உன் வேலைக்கான மனு மட்டுமே. நாம் சேர்ந்து எழுதினால் அது 112 அடி நீளும்.

ஜெய்பீம்.